ஹைதர் அலி கொடுத்த பண முடிப்பு



லெந்து காலம் இது. இயேசு வனாந்தரத்தில் 40 நாள் உபவாசமிருந்து சோதிக்கப்பட்டதை ஆலயங்களில் வாசிக்கிறோம். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் சோதனைகள் மூன்று. கல்லை அப்பமாக்கு என்பது ஒன்று. தேவாலய உச்சியிலிருந்து குதி என்பது இன்னொன்று. என்னைப் பணிந்தால் உலக ராஜ்யங்கள் எல்லாம் உனக்கு என்பது மூன்றாவது. மூன்றுக்கும் இயேசு உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். பேரம் பேசவில்லை, யோசிக்க நேரமும் கேட்கவில்லை.

"அவர் தேவகுமாரன், நம்மால் ஆகுமா வாத்தியாரே?" என்று கேட்பீர்கள். அதனால் நம் தமிழ் மண்ணில் நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன்.

பிரஷ்யாவில் 1726-ல் பிறந்து, 1750-ல் இந்தியா வந்த லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். தரங்கம்பாடி, திருச்சி, தஞ்சாவூர் என்று ஏறக்குறைய 48 ஆண்டுகள் இங்கேயே உழைத்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். 1779-ல் சென்னை கம்பெனி அரசு, ஹைதர் அலியிடம் சமாதானம் பேச அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. கம்பெனியாரை நம்பாத ஹைதர் இவரை நம்பினார். புறப்படும்போதே ஐயர் ஒரு முடிவு எடுத்திருந்தார்: வழிச்செலவுக்கு மேல் யாரிடமும் அன்பளிப்பு வாங்குவதில்லை.

திரும்பும் வேளையில் ஹைதர் 300 ரூபாய் முடிப்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஐயர் மறுத்தார். திருப்பி எடுத்துப் போனால் எங்கள் உயிருக்கே ஆபத்து என்று அரண்மனை அதிகாரிகள் கெஞ்சினார்கள். வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்தவர், முடிப்பை அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு சொன்னபோதும் சொந்தச் செலவுக்கு எடுக்கவில்லை. தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார்.

சமாதானம் நிலைக்கவில்லை. 1780-ல் ஹைதர் படையெடுத்து வந்தார். ஆனாலும் சுவார்ட்ஸ் ஐயரைத் தடுக்கக்கூடாது என்று தம் படைக்கு உத்தரவிட்டிருந்தார். அந்தப் போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் மாடு தர மறுத்தார்கள். மன்னர் சொல்லும் எடுபடவில்லை, கம்பெனி சொல்லும் எடுபடவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஐயர் சொன்னதும் இரண்டொரு நாளில் சுமார் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார்.

ராஜ்யத்தின் சோதனையும் அவருக்கு வந்தது. 1787-ல் சாகும் தறுவாயில் இருந்த மன்னர் துளஜாஜி, தத்துப் பிள்ளை சரபோஜியையும் ஆட்சிப் பொறுப்பையும் அவர் கையில் கொடுக்க நினைத்தார். ஐயர் ஒப்பவில்லை, மன்னரின் தம்பி அமர்சிங்கை ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறகு பையனுக்குக் கொடுமை நடந்தபோது அவனைக் காத்து, சென்னையில் படிக்க வைத்தார். சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். 1798-ல் ஐயர் இறந்ததும் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்து, தஞ்சை ஆலயத்தில் வைத்தவரும் அவரே.

பிள்ளைகளே, துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் கம்பெனிகளிலும் அரசு ஆபீசுகளிலும் நீங்கள் உத்தியோகம் பார்க்கிறீர்கள். உங்கள் மேஜைக்கும் ஒரு கவர் வரும். வந்த பிறகு யோசித்தால் வீட்டுக்கடனும் பிள்ளையின் ஃபீஸும்தான் கண்முன் நிற்கும். முடிவு முன்னாலேயே இருக்க வேண்டும். இயேசுவிடம் வசனம் முன்னாலேயே இருந்தது, ஐயரிடம் தீர்மானம் முன்னாலேயே இருந்தது. தட்ட முடியாமல் ஏதாவது கைக்கு வந்துவிட்டால் அவரைப்போல் மறைக்காமல் மேலிடத்தில் ஒப்படையுங்கள். 300 ரூபாயில் காத்த நாணயம்தான் 80,000 கலம் நெல்லாகப் பசித்தவர்களுக்குத் திரும்பி வந்தது.

எல்லோரும் நலமாயிருங்கள்.

உங்கள் பழைய வாத்தியார்