0.4 விழுக்காடு 5.6 விழுக்காடாக மாறிய கதை

2016ஆம் ஆண்டில் மலேசியாவில் வறுமையில் வாழ்ந்த குடும்பங்கள் 0.4 விழுக்காடு மட்டுமே என்று அரசாங்கப் புள்ளிவிவரம் கூறியது. எண்ணிக்கையில் சொன்னால் ஏறத்தாழ 24,700 குடும்பங்கள். பின்னர், 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் புள்ளிவிவரத் துறை வேறோர் எண்ணை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு, குடும்பங்களோ 405,441!

மூன்றே ஆண்டுகளில் வறுமை பதினான்கு மடங்கு பெருகிவிட்டதா? இல்லை. அந்த அறிவிப்பு வந்த நாளில் எந்தக் குடும்பத்தின் வருமானமும் ஒரு காசுகூடக் குறையவில்லை. மாறியது வறுமைக் கோடு. குடும்பமொன்றுக்கு மாதம் 980 ரிங்கிட் என்று இருந்த சராசரிக் கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. கோடு மேலேறியதும், அதுவரை கோட்டுக்கு மேலே நின்றவர்கள் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டனர்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. புதிய கோட்டைக் கொண்டு 2016ஆம் ஆண்டையும் மீண்டும் கணக்கிட்டார்கள். விடை 7.6 விழுக்காடு. அப்படியானால் 2016க்கும் 2019க்கும் இடையில் வறுமை கூடவில்லை, 7.6இலிருந்து 5.6ஆகக் குறைந்திருக்கிறது. பழைய 0.4ஐயும் புதிய 5.6ஐயும் அருகருகே வைத்தால் ஏற்றம் தெரிகிறது. ஒரே கோட்டால் அளந்து வைத்தால் இறக்கம் தெரிகிறது. ஆண்டுகள் அவையே, மக்களும் அவர்களே.

நான் பொருளியல் பட்டதாரி அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று, தொடக்கப்பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். ஆயினும் இந்தச் சிக்கல் எங்கள் வகுப்பறையில்தான் தொடங்குகிறது என எண்ணுகிறேன். தரவைக் கையாளுதல் என்னும் பாடத்தில் ஒரு பட்டைக் குறிவரைவைக் காட்டி, "எந்த ஆண்டில் மிக அதிகம்? இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு?" என்று கேட்கிறோம். 5.6இலிருந்து 0.4ஐக் கழித்து 5.2 என்று மாணவர் எழுதுவார். நாமும் சரி என்று குறியிடுவோம். கழித்தல் சரிதான். ஆனால், கழிக்கக்கூடாத இரண்டு எண்களை அங்கே கழித்திருக்கிறோம். இதே பிள்ளைகள் படிவம் 4இல் பொருளியல் பாடம் எடுக்கும்போது, இத்தகைய அட்டவணைகள்தாம் அவர்களை முதலில் எதிர்கொள்கின்றன.

இந்த வறுமைக் கோடு என்பது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அமர்ந்து, ஒரு மனிதனுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பட்டியலிட்டிருக்கிறார்.

அவர்களுள் முன்னோடி தாதாபாய் நௌரோஜி. 1825இல் பிறந்தவர், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1892இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர். இந்தியாவின் வறுமையைப் பற்றி 1876இல் அவர் படைத்த கட்டுரையில், 1867-68ஆம் ஆண்டுக்கான கணக்கு இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் விளைச்சலையும் பிற உற்பத்தியையும் மாகாணம் மாகாணமாகக் கூட்டி, மக்கள்தொகையால் வகுத்தார். தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் என்று விடை வந்தது. அரசாங்கம் திரட்டிய தரவுகளைக் கொண்டே அரசாங்கத்தைக் கேள்வி கேட்ட துணிவு அது.

ஆனால், 20 ரூபாய் என்பது குறைவா, போதுமானதா? தனியாக நிற்கும் எண் எதையும் சொல்லாது. ஒப்பிட இன்னோர் எண் வேண்டும். நௌரோஜி அதைத் தேடிய இடங்கள் இரண்டு. ஒன்று சிறைச்சாலை. ஒரு கைதியின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கமே எவ்வளவு செலவிடுகிறது என்று பார்த்தார். மற்றொன்று கப்பல். கல்கத்தாவிலிருந்து கடல் கடந்து செல்லும் கூலித் தொழிலாளர்க்கு, வேலையேதும் செய்யாமல் பயணம் செய்யும் நாள்களில் உயிர் தாங்க எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய் வேண்டும் என்று அரசாங்க மருத்துவ அதிகாரி வகுத்த உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டார். முடிவு என்ன தெரியுமா? குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே சராசரி இந்தியனின் பங்கு இருந்தது!

நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறியது நாகப்பட்டினத்திலும் சென்னையிலும். கல்கத்தாப் பட்டியல் அவர்களுக்கானதன்று. எனினும், ஒரு மனிதனின் குறைந்தபட்சத் தேவை என்னும் கணக்கு ஒரு கூலிக் கப்பலின் அரிசி அளவையிலிருந்து பிறந்தது என்பதைப் படித்தபோது சற்று நேரம் நூலை மூடிவைத்துவிட்டேன்.

நௌரோஜி இன்னொன்றையும் மறவாமல் சுட்டிக்காட்டினார். 20 ரூபாய் என்பது சராசரி. சமீன்தாரின் பங்கும் வணிகரின் பங்கும் அதற்குள் அடக்கம். அவற்றை நீக்கினால் ஏழை உழவனுக்குக் கிடைப்பது 20ஐவிடவும் குறைவு. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1882இல் அதிகாரிகள் 27 ரூபாய் என்றனர். 1901இல் வைசிராய் கர்சன் 30 ரூபாய் என்றார். நாடு முன்னேறுகிறது என்பதற்கு அதையே சான்றாகவும் காட்டினார். 27 ரூபாயில் 1882இல் வாங்கிய தானியத்தை 30 ரூபாயில் 1901இல் வாங்க முடிந்ததா என்பதுதான் உண்மையான கேள்வி. அதை எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல இயலாது.

இங்கிலாந்தில் இதே பணியைச் செய்தவர் சீபோம் ரவுண்ட்ரீ. யார்க் நகரத்துச் சாக்லேட் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1899இல் அந்நகரின் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார். தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்திற்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கோடு வரைந்தார். அந்தக் கோடு எவ்வளவு கடுமையானது என்பதை அவரே விளக்கியிருக்கிறார். அதற்குள் பேருந்துக் கட்டணம் இல்லை. செய்தித்தாள் இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத அஞ்சல்தலை இல்லை. குழந்தைக்கு ஒரு பொம்மையோ மிட்டாயோ இல்லை. மிகைப்படுத்திவிட்டார் என்று எவரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காகவே அப்படி வரைந்தார். அப்படியும் நகர மக்களுள் 9.91 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். தொழிலாளர் வர்க்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 15.46 விழுக்காடு.

1936இல் அதே நகரில் மீண்டும் கணக்கெடுத்தார். இம்முறை செய்தித்தாள், வானொலி போன்றவற்றையும் மனிதத் தேவைகளாக ஏற்றுக் கோட்டை உயர்த்தினார். தொழிலாளர் வர்க்கத்தில் 31.1 விழுக்காட்டினர் வறியவர் என்று விடை வந்தது. 15.46உடன் இதை ஒப்பிட்டால் வறுமை இரட்டிப்பானதாகத் தோன்றும். ஆனால் ரவுண்ட்ரீ பழைய கடுமையான அளவுகோலாலும் அளந்து காட்டினார்: 6.8 விழுக்காடு. பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது! இரண்டு விடைகளையும் அவர் ஒளிக்காமல் வெளியிட்டார். புள்ளிவிவரத்தை முன்வைக்கும் நேர்மை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1970ஆம் ஆண்டில் வறுமை 49.3 விழுக்காடு என்பதைப் பலரும் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கியபோது அடித்தளமாக வைக்கப்பட்ட எண் அது. ஆனால், அது தீபகற்ப மலேசியாவிற்கு மட்டுமான எண். சபாவும் சரவாக்கும் அதில் இல்லை. 49.3இல் தொடங்கி 0.4இல் முடியும் சரிவுக் கோட்டை ஒரே வரைபடத்தில் வரைந்தால் பார்க்க அழகாக இருக்கும். அதன் இரு முனைகளும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்கவில்லை என்பதை யாராவது அடிக்குறிப்பில் எழுத வேண்டும். கோடு வரையும் முறையும் 2005இல் ஒருமுறை திருத்தப்பட்டது. இவற்றையெல்லாம் சொல்வதால் வறுமை குறையவில்லை என்று பொருளாகாது. பெருமளவில் குறைந்தது, அதில் ஐயமில்லை. எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும்.

அதே 1970ஆம் ஆண்டின் எண்ணைத் தொழில்வாரியாகப் பிரித்தால் வேறொரு காட்சி தெரியும். நெல் பயிரிடுவோரில் 88.1 விழுக்காடு, சிறுதோட்ட ரப்பர் உடைமையாளரில் 64.7 விழுக்காடு, தோட்டத் தொழிலாளரில் 40 விழுக்காடு. தோட்டத்து மக்கள் நாட்டுச் சராசரியைவிட மேலான நிலையில் இருந்தார்கள் என்று இந்த அட்டவணை சொல்கிறது. இதை அப்படியே நம்பலாமா? பொய் என்று நான் சொல்லமாட்டேன். மாதந்தோறும் கூலி வந்தது. பயிர் பொய்த்தாலும் பட்டினியில்லை. ஆனால், தோட்டத்துக் குடும்பம் குடியிருந்த வீடு அவர்களுடையதன்று. வேலை போனால் வீடும் போகும். ஓர் ஆண்டின் வருமானத்தை அளக்கும் அட்டவணையில் இந்த அச்சத்திற்கு ஒரு பத்தி கிடையாது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தபோது, பலருக்குக் கைக்கு வரும் சம்பளம் கூடியது. வீட்டு வாடகை, தண்ணீர், பேருந்துக் கட்டணம் ஆகிய மூன்றும் அதைவிட வேகமாகக் கூடின. 980 ரிங்கிட் கோட்டில் அவர்கள் ஏழைகள் அல்லர்.

அந்த 980ஐ நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுத்தல் கணக்காகக் கொடுப்பதுண்டு. நால்வர் கொண்ட குடும்பம் என்றால் தலைக்கு 245. முப்பது நாளால் வகுத்தால் எட்டு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அதில் மூன்று வேளை உணவும், வாடகையும், மின்கட்டணமும், பள்ளிச் சீருடையும் அடங்க வேண்டும். "டீச்சர், முடியாது!" என்று பின்வரிசையிலிருந்து உடனே குரல் வரும். 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. இவ்வளவு தாழ்வான கோடு உண்மை நிலையைக் காட்டாது என்றார். அரசாங்கம் முதலில் அதை மறுத்தது. அடுத்த ஆண்டே புதிய கோட்டை அறிவித்தது. குடியுரிமை இல்லாதோர் இத்தகைய கணக்குகளில் விடுபட்டுப் போவதையும் அவர் எடுத்துரைத்தார். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் தவிக்கும் குடும்பங்களை அறிந்த நம் ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோடு எங்கே இருக்கிறது என்பது ஏட்டளவிலான விவாதமன்று. பள்ளியில் ஆர்.எம்.தி. எனப்படும் கூடுதல் உணவுத் திட்டத்திற்கு மாணவர் பெயர்களைப் பரிந்துரைக்கும்போது குடும்ப வருமானத்தைத்தான் பார்க்கிறோம். கோட்டுக்கு ஐம்பது ரிங்கிட் மேலே இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஐம்பது ரிங்கிட் கீழே இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் பசி ஒரே நேரத்தில்தான் எடுக்கிறது.

பெற்றோர்கள் நாளிதழில் அடிக்கடி காணும் மற்றோர் எண் குடும்பங்களின் சராசரி வருமானம். 2022இல் அது மாதம் 8,479 ரிங்கிட். "நம் வீட்டில் அவ்வளவு வரவில்லையே, நாம் மட்டும்தான் பின்தங்கிவிட்டோமோ?" என்று மனம் வருந்த வேண்டாம். எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால் அதன் வருமானம் 6,338 ரிங்கிட். இதை நடுவெண் என்கிறோம். பாதிக் குடும்பங்கள் இதற்கும் கீழே. மேல்தட்டில் உள்ள சிலரின் பெருவருமானம் சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. நௌரோஜி 20 ரூபாயைப் பற்றிச் சொன்னதும் இதுவேயன்றோ!

2020ஆம் ஆண்டு, கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், நம் நாட்டின் வறுமை 8.4 விழுக்காடாக உயர்ந்தது. 2022இல் 6.2க்கு இறங்கியது, அப்போது சராசரிக் கோடு 2,589 ரிங்கிட். 2019இன் 5.6, 2020இன் 8.4, 2022இன் 6.2 ஆகிய மூன்றும் ஒரே முறையில் வரையப்பட்ட கோட்டால் அளக்கப்பட்டவை. ஆகவே இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கலாம். 5.6க்கும் 8.4க்கும் இடையிலான அந்த 2.8 விழுக்காடு, உண்மையிலேயே வருமானம் இழந்த குடும்பங்கள்.