பனிப்பந்தும் ரயில் அட்டவணையும்

ஆங்கில இலக்கணம் என்றாலே நம்மில் பலருக்கு ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம்தான் ஞாபகம் வரும். விதியை மனப்பாடம் செய், வாக்கியத்தை மொழிபெயர், பிழை திருத்து. ஐரோப்பாவில் லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப் பயன்பட்ட பழைய வழி இது. யாரும் பேசாத மொழிக்கு அது போதும். பேசும் மொழிக்கும் அதையே கையாண்டதால்தான், பத்து வருடம் படித்தவருக்கும் ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சம்.

இதற்கு மாற்றாக 1950களில் இங்கே பரவியது அமைப்பு முறை. எளிய வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வாய்மொழிப் பயிற்சி கொடுப்பார்கள். ஆசிரியர் புத்தகத்தைக் காட்டி "திஸ் இஸ் எ புக்" என்றால் வகுப்பே திரும்பச் சொல்லும். சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு இதைக் கற்றுத்தர 1959ல் தொடங்கிய திட்டத்துக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். சிலருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள், பனிப்பந்து உருண்டு பெருக்கும் என்பது கணக்கு. (பனியே விழாத ஊரில் பனிப்பந்து!) பந்து உருள உருளப் பெருக்கும், சரி. ஆனால் கை மாறி வரும் பயிற்சி மெலியத்தானே செய்யும்? தவிர, வகுப்பே சேர்ந்து சொல்வதும் ஒருவகை மனப்பாடம்தான் என்பது என் எண்ணம்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு நேர் எதிராக யோசித்தார். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த 'பெங்களூர் திட்டம்' அவருடையது. இலக்கண வரிசையே கிடையாது. மாணவர் கையில் ஒரு ரயில் கால அட்டவணை. எந்த ரயில் முதலில் போய்ச் சேரும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் ஆசிரியர் வகுப்போடு பேசிப் பேசி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார், அதே போன்ற இன்னொன்றை மாணவர் தானே செய்வார். விடை சரியா என்றுதான் மதிப்பெண். மனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தன்னால் படியும் என்று பிரபு நம்பினார்.

பலன்? பெரெட்டா, டேவிஸ் இருவரும் 1985ல் வெளியிட்ட மதிப்பீட்டில், எந்த முறையையும் சாராத தேர்வுகளில் புதிய வகுப்புகள் முந்தின. வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகளே முந்தின. 1990ல் பெரெட்டா இன்னொன்றும் எழுதினார்: திட்டத்தில் இருந்த வழக்கமான பள்ளி ஆசிரியர்களில் பலர் முறையை முழுதாகக் கைக்கொள்ளவில்லை. பனிப்பந்து பட்டிருக்கக்கூடிய அதே பாடு!

வேடிக்கை என்னவென்றால், அதே 1990ல்தான் பிரபுவும் ஒரு கட்டுரை எழுதினார். சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, தான் செய்வது பலிக்கும் என்ற உணர்வு ஆசிரியருக்குள் இருக்கிறதா என்பதே பெரிது என்றார் அதில்.