454 நாளா, 455 நாளா?

ஒரு சின்னக் கணக்கு. அரியலூர் மாவட்டம் முதன்முதலில் பிறந்தது 2001 ஜனவரி 1. பெரம்பலூரோடு மறுபடியும் சேர்க்கப்பட்டது 2002 மார்ச் 31. அப்படியென்றால், அந்த முதல் பிறவியில் அரியலூர் மாவட்டம் எத்தனை நாள் உயிரோடு இருந்தது?

காலண்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாக எண்ணினால் 455. கம்ப்யூட்டரிடம் கொடுத்து ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்கச் சொன்னால் 454! யார் சொல்வது சரி?

ரெண்டுமே சரிதான். கையை விரித்துப் பாருங்கள்... விரல் ஐந்து, இடைவெளி நான்கு. விரல்களை எண்ணுகிறோமா, இடைவெளிகளையா என்பதுதான் கேள்வி. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்தால் 455. ஒன்றை விட்டால் 454.

'ஒரு நாள்தானே, போகட்டும்' என்று விட்டுவிட முடியாது. 1897-ம் வருடத்துப் பொது வாசகங்கள் சட்டம், 'இந்தத் தேதியிலிருந்து' என்று இருந்தால் முதல் நாளைச் சேர்க்காதே, 'வரை' என்று இருந்தால் கடைசி நாளைச் சேர்த்துக்கொள் என்கிறது. ஆனால், வயதுக் கணக்கு வேறு. 1875-ம் வருடத்து மேஜர் வயதுச் சட்டப்படி, பிறந்த நாளும் ஒரு முழு நாள். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பு பிறந்திருந்தாலும் சரி!

இதன் சூடு அரசு ஊழியர்களுக்குத் தெரியும். ஜூன் 2-ம் தேதி பிறந்தவர் ஜூன் 30 வரை வேலை பார்ப்பார். ஜூன் 1-ல் பிறந்தவரோ, மே 31 சாயந்திரமே மாலையும் சால்வையுமாக வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான். பிறப்பில் ஒரு நாள் வித்தியாசம்... சம்பளத்தில் ஒரு மாதம்!

மாவட்டங்களின் பிறந்த நாளிலும் இந்தச் சிக்கல் உண்டு. திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரிக்கும் அரசாணை 1995 செப்டம்பர் 30 தேதியிட்டது. மாவட்டம் அமைந்ததோ நவம்பர் 1. நடுவே 32 நாள். 'பெரம்பலூருக்கு என்ன வயசு?' என்று கேட்டால், காகிதத்துக்கு ஒரு வயது, கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு வயது!

அரியலூருக்கு மறுபிறவி கிடைத்தது 2007 நவம்பர் 23-ல். 2002 மார்ச் 31-லிருந்து கழித்துப் பார்த்தால் 5 ஆண்டு, 7 மாதம், 23 நாள். மொத்தம் 2,063 நாள். அரியலூர் டவுனில் ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தது 2001-ல், நடுப்பிள்ளை 2004-ல், கடைக்குட்டி 2007 டிசம்பரில். மூத்ததும் கடைக்குட்டியும் பிறந்தது அரியலூர் மாவட்டம். நடுப்பிள்ளை பிறந்தது மட்டும் பெரம்பலூர் மாவட்டம். வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை!

நவம்பர் 23 என்ற தேதிக்கு அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு கனமான நினைவு இருக்கிறது. 1956 நவம்பர் 23 அதிகாலை. மருதையாற்றில் வெள்ளம். பாலத்தில் வந்துகொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தது இந்த விபத்துக்காகத்தான்.

அந்த நாளுக்கும், மாவட்டம் மறுபடி பிறந்த நாளுக்கும் இடையே சரியாக 51 ஆண்டுகள். நடுவில் 12 லீப் நாட்கள். ஆக, 18,627 நாள். 7-ஆல் வகுத்துப் பாருங்கள்... மீதியே வராது, 2,661 வாரம்! அதாவது இரண்டுமே வெள்ளிக்கிழமை. தற்செயல்தான். ஆனால், கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. மாதத்துக்கு 28, 30, 31 என்று நாட்கள் மாறும். லீப் வருஷத்துக்கு ஒரு நாள் கூடும். கிழமை மட்டும் ஏழுக்கு ஏழு, தப்பாமல் வரும்.

சரித்திர ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டதும் இந்தக் கிழமையைத்தான். இதே அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் கி.பி. ஏது? கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். 'சரி, ஒவ்வொரு ராஜாவும் எத்தனை வருஷம் ஆண்டார் என்று கூட்டிவிடலாமே' என்று தோன்றும். கூட்டுவோம். ராஜராஜன் 29, ராஜேந்திரன் 32, அவன் மகன் ராஜாதிராஜன் 36. மொத்தம் 97. ஆனால், ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985, ராஜாதிராஜன் கொப்பத்துப் போர்க்களத்தில் மாண்டது 1054. நடுவே 69 ஆண்டுதான்! 28 வருஷம் எங்கே அதிகமாக முளைத்தது?

அப்பா இருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, அன்றிலிருந்தே மகனின் ஆட்சியாண்டையும் எண்ணினார்கள் சோழர்கள். ராஜேந்திரன் 1012-ல் பட்டம் ஏற்றான். அப்பா ராஜராஜன் மறைந்தது 1014-ல். ராஜாதிராஜனோ 1018-லேயே பட்டத்துக்கு வந்துவிட்டான். ராஜேந்திரன் இருந்தது 1044 வரை. ஒரே வருஷத்துக்கு ரெண்டு கணக்கு!

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் கீல்ஹார்ன் என்ற ஜெர்மானிய அறிஞர். சில கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு மாதம், திதி, கிழமை, நட்சத்திரமும் இருக்கும். இவை எல்லாம் ஒன்றுகூடும் நாள் அபூர்வம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் தேதி மாட்டிக்கொள்ளும். ஒரு தேதி 5-ம் ஆட்சியாண்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு தேதி 6-ம் ஆட்சியாண்டு என்றால், பட்டமேற்ற நாள் அந்த இரண்டுக்கும் நடுவில்! இப்படி நெருக்கி நெருக்கி, 1012 மார்ச் 27-க்கும் ஜூலை 7-க்கும் இடையே ராஜேந்திரன் பட்டமேற்றான் என்று அவர் முடிவுகட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி... சந்தேகம் வெறும் 102 நாள்!

நாட்களையே எண்ணி எழுதிவைத்த கல்வெட்டும் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அருகே 'கிராமம்' என்றே ஓர் ஊர். அங்கே முதலாம் பராந்தகனின் 36-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கலியுகம் பிறந்து 14,77,037-ம் நாள் என்கிறது. கலியின் முதல் நாளாகச் சொல்லப்படுவது கி.மு. 3102 பிப்ரவரி 18. அதையும் சேர்த்து எண்ணினால், அறிஞர்கள் கண்ட தேதி 'டாண்' என்று வருகிறது... கி.பி. 943 ஜனவரி 14, சனிக்கிழமை. முதல் நாளை விட்டால் ஜனவரி 15 ஆகிவிடும். அதே விரலா, இடைவெளியா சமாசாரம்தான்! இந்த மாதிரி கணக்குகளை எல்லோரும் போட வசதியாக, பல நூற்றாண்டுகளுக்கான பஞ்சாங்கத்தையே பின்னாளில் தொகுத்துக் கொடுத்தார் நம்ம ஊர் எல்.டி.சாமிக்கண்ணு பிள்ளை.

ஐரோப்பியர்கள் வந்ததும் தேதிச் சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. 1751-ல் பெரம்பலூருக்குப் பக்கத்தில், வாலிகண்டபுரத்தில் ஒரு சண்டை. சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலிக்குத் துணையாக ஆங்கிலேயர்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது புதிய கிரிகோரியன் காலண்டர். ஆங்கிலேயர்களிடம் பழைய ஜூலியன் காலண்டர். ஒரே களத்தில், ஒரே காலையில், இரு தரப்பின் தேதிக்கும் 11 நாள் வித்தியாசம்! மறுவருஷம், 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று அறிவித்துத்தான் ஆங்கிலேயர்கள் வழிக்கு வந்தார்கள்.

2014 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில், ராஜேந்திரன் அரியணை ஏறிய ஆயிரமாவது ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. கல்வெட்டுக் கணக்குப்படி அது 2012-லேயே வந்துவிட்டது. அப்பாவுக்குப் பிறகு தனியே ஆளத் தொடங்கிய 1014-லிருந்து எண்ணினால் 2014 சரி. யாரும் தப்பாகக் கூட்டவில்லை. ஆரம்பித்த இடம்தான் வேறு.

அதனால், இனிமேல் யாராவது 'இத்தனை வருஷம், இத்தனை நாள் ஆச்சு' என்று அடித்துச் சொன்னால் கூட்டல் கழித்தலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேளுங்கள்... 'எந்த நாள்லேர்ந்து எண்ணினீங்க? அந்த நாளையும் சேர்த்தா, சேர்க்காமலா?'