எச்சிலும் திருமுழுக்கும்: 1704ஆம் ஆண்டின் புதுச்சேரி ஆணை

கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய திருமுழுக்குச் சடங்கில் ஒரு சிறு செயல் இடம்பெற்றிருந்தது. குரு தம் விரலை உமிழ்நீரால் நனைத்து, ஞானஸ்நானம் பெறுபவரின் காதுகளையும் நாசியையும் தொட்டு, ‘எப்பத்தா’, அதாவது ‘திறக்கப்படு’ என்று சொல்வார். காது கேளாத ஒருவரை இயேசு உமிழ்நீரால் தொட்டுக் குணப்படுத்தியதாக மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரம் கூறும் நிகழ்ச்சியே இதன் அடிப்படை. முகத்தில் ஊதுவதும் நாவில் உப்பு வைப்பதும் அதே சடங்கின் பகுதிகள். ஐரோப்பியக் கத்தோலிக்கரிடையே வழக்கமாக இருந்த இச்செயல், தமிழகத்தில் நெடுங்காலப் பூசலுக்கு வித்திட்டது.

காரணம் வெளிப்படையானது. எச்சில் இங்கே வெறும் உடல்நீர் அன்று, அது தீட்டு. உதடு படாமல் அண்ணாந்து நீர் அருந்தும் வழக்கமும், எச்சில் இலையை யார் எடுப்பது என்ற கட்டுப்பாடும் அதன் வெளிப்பாடுகள். அந்நியர் ஒருவரின் எச்சில், அதிலும் தாழ்ந்தோராகக் கருதப்பட்ட ‘பரங்கி’யின் எச்சில், தம் மீது படுவதை உயர்சாதியினர் ஏற்பது அரிது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி, தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்துத் துறவிக்கோலம் பூண்ட பின்னணி இதுவே. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சில நிபந்தனைகளுடன் திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இல் அனுமதித்தார். மதுரை மறைப்பணியைத் தொடர்ந்து நடத்தியவர்கள் திருமுழுக்கில் உமிழ்நீரையும் ஊதுதலையும் தவிர்க்கலாயினர்.

இந்த இசைவாக்கத்துக்கு மற்றொரு முகமும் இருந்தது. உயர்சாதியினரிடையே பணியாற்றிய குரு, பறையர் குடியிருப்புக்குள் நுழைந்தால் தம் மதிப்பை இழப்பார். ஆகவே 1640 முதல் ‘பண்டாரசாமிகள்’ என்ற தனிப்பிரிவினர் உருவாயினர். பல்தசார் த கோஸ்தா அவர்களுள் முதல்வர். திருமுழுக்கு ஒன்றே, அதனை வழங்கும் குருமார் மட்டும் சாதிக்கேற்ப வேறாயினர்.

கப்புச்சின் துறவியர் உள்ளிட்டோரின் முறையீடுகள் உரோமையை எட்டியிருந்த நிலையில், சீனாவுக்குச் செல்லும் வழியில் திருத்தந்தையின் தூதர் ஷார்ல் மயார் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். 1704 ஜூன் 23 நாளிட்ட அவரது ஆணை, திருமுழுக்கில் உமிழ்நீர், உப்பு, ஊதுதல் எதனையும் விடலாகாது என்றது. குழந்தைகளுக்குப் புனிதர் பெயரிட வேண்டும் என்றது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் பூப்புச் சடங்கையும் தடுத்தது. நோயுற்ற பறையரின் வீட்டுக்கே சென்று அருளடையாளங்களை வழங்க மறுக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டது.

எச்சிலும் சேரி வீடும் ஒரே ஆணையில் இடம்பெற்றது தற்செயலன்று. இரண்டும் தீட்டு என்ற ஒரே கருத்தின் இரு முனைகள். ஒன்று, குருவின் வாயிலிருந்து உயர்சாதி உடலுக்குச் செல்லும் தீட்டு. மற்றொன்று, சேரியிலிருந்து குருவின் உடலுக்கு வரும் தீட்டு.

நாற்பது ஆண்டுகால வழக்காடலுக்குப் பின், 1744 செப்டம்பர் 12இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ‘ஓம்னியும் சொலிசித்தூதினும்’ என்ற ஆணைமடல் வழியே இறுதித் தீர்ப்பளித்தார். உமிழ்நீர் குறித்த விதி நிலைநாட்டப்பட்டது. சேரி வீட்டுச் சிக்கலுக்கோ, பறையருக்கெனத் தனி மறைப்பணியாளரை அமர்த்தும் இயேசு சபையின் திட்டம் ஏற்கப்பட்டது. அதாவது, தீட்டின் ஒரு முனையை உரோமை சட்டத்தால் மறுத்தது. மறுமுனையை நிருவாகப் பிரிவினையாக உறுதிப்படுத்தியது. இத்தீர்ப்பைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940 வரை நீடித்தது.

இப்பூசலை உரோமையின் சகிப்பின்மைக்கும் இயேசு சபையின் பண்பாட்டு இசைவுக்கும் இடையிலான மோதலாகவே காண்பது வழக்கம். சேரியின் பக்கம் நின்று நோக்கினால் மற்றொரு கேள்வி எழும்: இசைவாக்கப்பட்டது யாருடைய பண்பாடு? தூர்னோனும் சாதி எதிர்ப்பாளர் அல்லர். சடங்கின் ஒருமையே அவரது கவலை. எனினும், சேரியில் நோயுற்றுக் கிடந்தவரின் உரிமை அந்த ஆணையில்தான் எழுத்தில் பதிவாயிற்று.

1969இல் வெளியான குழந்தைத் திருமுழுக்கின் புதிய சடங்குமுறையில் உமிழ்நீர் இல்லை. ‘எப்பத்தா’ சடங்கில் குரு விரலால் காதையும் வாயையும் தொடுவதே போதுமானது. எச்சில் மறைந்தது, சாதி மறையவில்லை. ஆனால் அரசின் கணக்கு வேறாக இருந்தது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, அதன் 3ஆம் பத்தியில், இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை.

இதன் விளைவு தமிழகத்தோடு நிற்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பை தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்ந்த ஆதிதிராவிடர்களில் ஒரே உறவுமுறைக்குள் இந்துக்களும் கிறித்தவர்களும் உண்டு. ஒரே தெருவில், ஒரே தொழிலில் இருந்தாலும், திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் தொடுத்த ‘சூசை எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கில் இக்கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது. முன்பிருந்த இழிவுகள் கிறித்தவச் சமூகத்திலும் அதே கடுமையுடன் நீடிப்பதற்குச் சான்று வேண்டும் என்று 1985இல் நீதிமன்றம் கூறி, மனுவைத் தள்ளுபடி செய்தது. 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை 3ஆம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. அப்பத்தி இன்றும் நடைமுறையில் உள்ளது.

திருமுழுக்கால் சாதி அகலவில்லை என்பதைத் திருச்சபை தன் நடைமுறையாலேயே ஒப்புக்கொண்டது. அது அகன்றுவிட்டது என்பதைப் போல் அரசின் ஆணை நடந்துகொள்கிறது. நீதிமன்றம் கேட்ட சான்றுகளைத் தேடும் வரலாற்றாய்வாளர், 1704இன் ஆணையையும் 1744இன் தீர்ப்பையும் சமயச் சடங்கு குறித்த ஆவணங்களாக மட்டும் வாசித்து நிறுத்திவிட இயலாது.