விடியா

லேத் பட்டறையில் 'விடியா டூலை எடு' என்று காதில் விழுந்தால் 'விடியா மூஞ்சி'யை நினைக்க வேண்டாம். இது ஜெர்மன் சொல். 'வீ டியாமன்ட்' என்றால் 'வைரம் போல'. அதைச் சுருக்கி க்ரூப் நிறுவனம் 1920களில் தன் சரக்குக்குப் பெயராக வைத்தது. டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சூட்டில் இறுக்கிய பொருள். மின்விளக்கு இழை இழுக்கும் அச்சுக்கு வைரத்துக்கு மாற்றுத் தேடியபோது பிறந்தது. பெயர்ப் பொருத்தம் அப்படி.

இன்று எவர் செய்த கார்பைடு முனையும் பட்டறைப் பேச்சில் விடியாதான். சூடு தாங்கும், வேகமாகக் கடையலாம். ஆனால் அடி தாங்காது, மூக்கு உடைந்துவிடும். கீவே என்னும் பள்ளம் வெட்டிய ஷாஃப்ட் சுற்றுக்குச் சுற்று டூலை அடிக்கும்; அதை ஆட்டம் கண்ட பழைய லேத்தில் கடைவதென்றால் ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலே மேல்.