பகல் விளக்கும் பாவாடையும்

அரசு மறைந்த பின்னும் அது வழங்கிய சிறப்பு நின்று நிலவுவதுண்டு. அதற்குச் சான்று காணத் தோப்பும்படியில் வாழும் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தார் போற்றிக் காத்துவந்த செப்பேடே அச்சான்று.

சேர வேந்தன் பாஸ்கர இரவிவர்மன், முயிரிக்கோட்டில் வீற்றிருந்தபோது, யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவனுக்குக் கி.பி. 1000-ஐ ஒட்டி அதனை வழங்கினான். 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகக் குழுவின் உரிமையும், 72 விடுபேறுகளும் அவனுக்குக் கிட்டின. மற்றைக் குடிகள் செலுத்திய இறைகளிலிருந்து விலக்கும் கிட்டியது. வட்டெழுத்தும் கிரந்தமும் விரவிய அவ்வேட்டின் சொற்கள் தமிழர்க்கு அயலானவை அல்ல. பகல் விளக்கு, பாவாடை, குடை, பறை, காளம், தோரணம் என அவை வரிசையாக வருகின்றன. பகலில் விளக்கு ஒளிக்காக அன்று, பெருமைக்காகவே ஏந்தப்பட்டது. பாவாடை என்பதோ, பெரியோர் நடக்க நிலத்தில் விரிக்கும் துணி. இச்சிறப்புகள் மகன், மகள், மருமகன் என வழிவழியாகத் தொடருமாறு விதிக்கப்பட்டன. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலியவற்றின் தலைவர்கள் சான்றாளராக நின்றனர்.

கொரியாவின் சோசொன் அரசர்களும் அரசிக்கும் இளவரசனுக்கும் பட்டம் சூட்டுங்கால், பொன்னாலோ பச்சைக்கல்லாலோ ஆன முத்திரையும் பட்டமளிப்பு ஏடும் ஈந்தனர். அவற்றுள் 669 பொருள்களை யுனெஸ்கோ 2017-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆயின், அவை அரச குடும்பம் தனக்கே அளித்துக்கொண்ட சிறப்பு. நம் சேரனோ கடல் கடந்து வந்த மரபினனுக்கு, வேறு சமயத்தானுக்கு, அரச வரிசைகளை ஈந்தான். வந்தேறிய குடியை வாழ்குடியாக ஏற்றுக்கொண்ட ஆவணம் இது.

1948-இல் இசுரேல் உருவான பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எனினும் அவர்கள் இங்கு வாழ்ந்த பெருமையை அச்செப்பேடு இன்றும் உரைக்கின்றது. 2017 சூலையில் அதன் படியொன்றை இந்தியப் பிரதமர் இசுரேல் பிரதமருக்கு அளித்தார்.

மலை கடந்து பிழைப்புத் தேடி வந்த நமக்குச் செப்பேடு அளித்தவர் எவருமிலர். எனினும் பாட்டனார் கடைக்குப் பெற்ற உரிமச் சீட்டும், பழைய வாடகைப் பற்றுச்சீட்டும், சங்கத்தின் கூட்டக் குறிப்பேடும் நம்மிடம் உள்ளன. அவற்றைக் கறையான் தின்ன விடுவோமாயின், நாம் இங்கு வாழ்ந்ததை நம் பேரர்க்கு உரைப்பது எது? அவற்றைத் தேடி எடுத்துக் காப்பது நம் கடன்.