மலையேறிய ராட்சதப் பரங்கி

பரங்கியர் கொண்டுவந்த காய் என்ற நினைவைப் பரங்கிக்காய் தன் பெயரிலேயே சுமக்கிறது. அதன் குடும்பத்தில் மிகப் பெரிய காய் காய்ப்பது ‘மாக்சிமா’ இனம். தாயகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, உருகுவே பகுதிகளில் இன்றும் தானாக முளைக்கும் அதன் காட்டு மூதாதையின் காய் கைக்குள் அடங்கிவிடும், கசக்கும். தென் அமெரிக்கப் பழங்குடி உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைத் தேர்ந்து சேர்த்ததால்தான் அது உண்ணத் தகுந்த பெருங்காயானது. பின்னாளைய பரிசுக் காய்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த உழைப்பே.

பெரிய காய்க்கான ஆசை 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வேகம் பிடித்தது. எழுத்தாளர் தோரோ 1857இல் அரசுக் காப்புரிமை அலுவலகம் அனுப்பிய பிரெஞ்சு ரக விதைகளை ஊன்றினார். இரண்டு முளைத்தன, ஒரு கொடியில் 56 கிலோ எடையில் ஒற்றைக் காய் விளைந்தது. கனடாவின் காட்ரிச் ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு 181 கிலோ காயை அனுப்பினார். அடுத்துச் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கு அவர் கொண்டுசென்ற 183 கிலோ காயை மிஞ்ச 1976 வரை ஆளில்லை. பிறகு கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் பல்லாண்டுகள் விதை தேர்ந்து ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ ரகத்தை உருவாக்கினார். 1981இல் அவருடைய காய் ஏறத்தாழ 224 கிலோ நின்றது. இன்றைய ராட்சதக் காய்களில் பெரும்பாலானவை அந்த விதை வழி வந்தவை.

ஆனால் கடலோர ஈரக்காற்றில் தேறிய ரகம் அது. மலைமேல் நிலை வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள கொலராடோவின் டென்வரில் மே முற்பகுதிவரை உறைபனி விழலாம். அக்டோபரில் மீண்டும் வந்துவிடும். பூ காயாகி முற்றவே மூன்று மாதம் வேண்டும். கொலராடோ, யூட்டா உழவர்கள் பற்றாத நாட்களைக் கடன் வாங்கக் கற்றார்கள். ஏப்ரலில் வீட்டுக்குள் தொட்டியில் விதை முளைக்கிறது. நாற்று நிலத்துக்குப் போகும்போது அதன்மேல் சிறு பாலித்தீன் குடில் நிற்கும். அடியில் மண்ணைச் சூடாக்கும் மின்கம்பி ஓடும். கொடி பரவியதும் கணுக்களை மண்ணால் மூடி வேர்விடச் செய்கிறார்கள். பெண் பூ மலரும் விடியற்காலையில் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடிமேல் தடவுகிறார்கள். பிஞ்சுகளில் ஒன்றே ஒன்று கொடியில் நிற்கும், மற்றவை கிள்ளப்படும்.

அங்கே வெயிலும் கடுமை. காய்த்தோல் சீக்கிரம் தடித்தால் உள்ளே பெருகும் சதைக்கு இடமில்லாமல் வெடிக்கும். ஆகவே பகலில் காய்க்கு நிழல்துணி, குளிரும் இரவில் கம்பளி. ஆலங்கட்டி மழை அரைமணி நேரத்தில் இலைகளைச் சல்லடையாக்கிவிடும். அந்தச் சேதத்துக்கு முழு ஈடில்லை.

அக்டோபரில் பட்டைகள் சுற்றிப் பளுதூக்கியால் காயைத் தூக்கி எடைப்போட்டிக்கு வண்டியேற்றுகிறார்கள். போட்டி முடிந்தபின் யூட்டாவில் சில காய்கள் குடையப்பட்டு ஏரியில் படகுகளாக ஓடுகின்றன. போட்டியில் எடைபோடுமுன் நடுவர்கள் தோலையும் அடிப்புறத்தையும் தடவிப் பார்க்கிறார்கள். விரிசல் உட்குழிவரை போயிருந்தால் அந்தக் காய் போட்டியிலிருந்து விலக்கப்படும்.